அறுபதுக்கும் ஐம்பத்தொன்றுக்கும் நடுவே

வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழில் அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதிகள் எப்படித் தெரிவாகிறார்கள் என்று எழுதிய குறிப்பில், ‘ஃபிலிபஸ்டர்’ பற்றி, அதாவது செனட் என்ற அமெரிக்க மேல்சபையில் விவாதத்தை முடியவிடாமல் வைத்து வாக்கெடுப்பைத் தடுக்கும் உத்தி பற்றி, இரண்டு வரி மட்டும் வந்திருந்தது. அதைத் தொட்டு வந்த கேள்விகளுக்கே இம்முறை இடம்.

*

கேள்வி: நீதிபதி நியமனம் வாக்கெடுப்புக்கு வராதபடி செனட்டர்கள் விடிய விடியப் பேசிக்கொண்டே இருப்பார்களாமே? உண்மையில் அப்படித்தானா?
– உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவி, கோப்பாய்

பதில்: நீதிபதி விடயத்தில் அப்படிப் பேசியவர்கள் அரிது. பேசாமலே தடுத்தார்கள்.

ஜனாதிபதி ஒருவரின் பெயரை முன்மொழிவார், செனட் சம்மதிக்கவேண்டும். இது அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரையில் உள்ளது. சம்மதத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். மூன்றில் இரண்டு வேண்டுவது வெளிநாட்டு உடன்படிக்கைகளுக்குத்தான். சிக்கல் தொடங்குவது வாக்கெடுப்புக்குப் போகும் வழியில். விவாதம் முடிந்தால்தான் வாக்கெடுப்பு. ஆனால் ‘விவாதம் போதும்’ என்று சாதாரணப் பெரும்பான்மையால் முடித்துவைக்கும் பிரேரணை 1806 முதல் செனட்டின் விதிகளில் இல்லை. 1917இல்தான் 22ஆம் விதி வந்தது: மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் விவாதத்தை முடிக்கலாம். இந்த முடிப்புத் தீர்மானத்துக்கு ‘குளோச்சர்’ என்று பெயர். 1949இல் அது நியமனங்களுக்கும் விரிந்தது. 1975இல் தேவையான அளவு ஐந்தில் மூன்றாகக் குறைந்தது. 100 பேர் கொண்ட சபையில் அது 60.

நடைமுறை இப்படி: 16 செனட்டர்கள் கையொப்பமிட்டுப் பிரேரணையைக் கொடுக்கவேண்டும். திங்கட்கிழமை கொடுத்தால் இடையில் ஒரு அமர்வு நாள் கழிந்து புதன்கிழமை, சபை கூடி ஒரு மணித்தியாலத்தின் பின் வாக்கெடுப்பு. 60 கிடைத்தாலும் உடனே முடியாது. அதன் பின்னும் 30 மணித்தியாலம் வரை விவாதத்துக்கு இடமுண்டு. அதற்குப் பிறகுதான் நியமனத்தின் மீது இறுதி வாக்கு.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று. 60 என்பது வந்திருப்போரில் ஐந்தில் மூன்று அல்ல, பதவியேற்ற முழு உறுப்பினரில் ஐந்தில் மூன்று. ஆகவே வராமல் விடுவதும் எதிர்த்து வாக்களிப்பதும் கணக்கில் ஒன்றுதான். 2013 ஒக்டோபரில், வொஷிங்டன் டி.சி. மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒபாமா முன்மொழிந்த பற்றீசியா மில்லெற் மீதான குளோச்சர் 55க்கு 38 என்ற வாக்கில் தோற்றது. 17 வாக்கு வித்தியாசத்தில் முன்னால் நின்றவர் தோற்றுப்போனார்! எதிரணியில் ஏழு பேர் வீட்டில் இருந்திருந்தாலும் முடிவு மாறியிராது.

*

கேள்வி: 1939இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசாங்க சபையில் ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரி மணிக்கணக்காகப் பேசினாரே. அதையும் ஃபிலிபஸ்டர் என்று சொல்லலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்

பதில்: சொல்லமுடியாது, ஐயா. அது வாதத்தை முழுமையாக வைப்பதற்கான நீண்ட பேச்சு. அவர் உட்கார்ந்ததும் சபை தன் வேலையைத் தொடரலாம். ஃபிலிபஸ்டரில் பேச்சின் உள்ளடக்கம் முக்கியமில்லை. சபையின் நேரத்தைப் பிடித்துவைப்பதே நோக்கம். 1957இல் குடியியல் உரிமைகள் சட்டமூலத்தை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ரோம் தேர்மண்ட் 24 மணித்தியாலம் 18 நிமிடம் நின்று பேசினார். இடையிடையே மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை வாசித்தார். சட்டமூலம் எப்படியோ நிறைவேறிவிட்டது.

*

கேள்வி: தடுப்பவர்களை ‘சரி, பேசு பார்ப்போம்’ என்று இரவிரவாக நிற்கவைத்துக் களைக்கப்பண்ணலாமே. பெரும்பான்மைக் கட்சி ஏன் அதைச் செய்வதில்லை?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: களைப்பது யார் என்பதுதான் கேள்வி.

சபை நடக்கக் குறைந்தது 51 பேர் இருக்கவேண்டும். இதுதான் நிறைவெண். தடுக்கும் தரப்பில் ஒருவர் மேடையில் நின்றால் போதும். அவர் எந்த நேரமும் ‘நிறைவெண் இல்லை’ என்று எழுப்பலாம். எழுப்பியதும் 51 பேரைக் காட்டவேண்டிய பொறுப்பு, அலுவலை நடத்த விரும்பும் பெரும்பான்மைக்கு. காட்டாவிட்டால் சபை ஒத்திவைக்கப்படும். தடுத்தவர் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வார். அதாவது சிறுபான்மையில் ஒருவர் முறைவைத்து விழித்திருக்க, பெரும்பான்மையில் ஐம்பத்தொரு பேர், அவர்களிலும் வயது முதிர்ந்தவர்கள் பலர், கட்டில் போட்டுப் படுக்கவேண்டும். 2003 நவம்பரில் குடியரசுக் கட்சியினர் நீதிபதிகளுக்காக அப்படி ஒரு தொடர் அமர்வை நடத்தினார்கள். ஒன்றரை நாளுக்கும் மேல் நீண்டது. கட்டில்களும் வந்தன, கமெராக்களும் வந்தன. முடிவில் நடந்த குளோச்சர் வாக்குகள் எல்லாம் முன்போலவே தோற்றன.

இதற்கு மேல் 1970களின் தொடக்கத்தில் பெரும்பான்மைத் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்த இரட்டைத் தட ஏற்பாடும் இருக்கிறது. தடைப்பட்ட விடயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு மற்றைய அலுவல்களைப் பார்க்கலாம். சபை முடங்காததால் தடுப்பவருக்குப் பழியும் இல்லை, செலவும் இல்லை. தடை மலிந்தது அதன் பிறகுதான். நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடு, ஆனால் விளைவைப் பார்த்தால் செய்யாமலே விட்டிருக்கலாம்.

*

கேள்வி: நீதிபதிகளுக்கு எதிராக இதைத் திட்டமிட்ட உத்தியாகப் பயன்படுத்தத் தொடங்கியது எப்போது? யாரைத் தடுப்பது என்று எப்படித் தெரிவு செய்தார்கள்?
– சட்டத்துறை மாணவர், திருநெல்வேலி

பதில்: பெரிய முதல் வழக்கு 1968. ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன், ஏற்கெனவே உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த ஏப் ஃபோர்ட்டஸைப் பிரதம நீதியரசராக முன்மொழிந்தார். ஒக்டோபர் 1ஆம் திகதி குளோச்சர் வாக்கு 45க்கு 43. அப்போது மூன்றில் இரண்டு வேண்டும். பெயர் மீளப் பெறப்பட்டது. அறுதிப் பெரும்பான்மையே அவருக்கு இல்லை என்று எதிர்த்தவர்கள் வாதிட்டார்கள்; ஆகவே ‘தடுத்திராவிட்டால் வென்றிருப்பார்’ என்று அந்த வழக்கில் அடித்துச் சொல்லமுடியாது.

திட்டமிட்ட உத்தியாக அது மாறியது 2003இல். அன்று செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 51 இடம். ஜனநாயகக் கட்சியால் எவரையும் வாக்கில் தோற்கடிக்க முடியாது. ஆனால் 41 பேரை ஒன்றாக வைத்திருக்க முடியும். ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் முன்மொழிந்த எல்லோரையும் அவர்கள் தடுக்கவில்லை. மாவட்ட நீதிமன்றப் பெயர்கள் பெரும்பாலும் தடையின்றிப் போயின. குறி மேன்முறையீட்டு நீதிமன்றங்கள், அதிலும் வொஷிங்டன் டி.சி. மேன்முறையீட்டு நீதிமன்றம். காரணம் வெளிப்படை: மத்திய அரசின் ஒழுங்குவிதிகள் மீதான வழக்குகள் அங்கேதான் குவிகின்றன, உயர் நீதிமன்றத்துக்கு ஏறும் படியும் அதுவே. ஸ்காலியா, தோமஸ், கின்ஸ்பேர்க், ரொபேட்ஸ், கவனோ எல்லோரும் அங்கிருந்து போனவர்கள்.

மிகேல் எஸ்ட்ராடா அந்த நீதிமன்றத்துக்கு 2001 மே மாதம் முன்மொழியப்பட்டவர். ஹொண்டூராஸில் பிறந்தவர், சட்டத்தரணியாக நல்ல பெயர். அவர் சொலிசிற்றர் ஜெனரல் அலுவலகத்தில் எழுதிய உள்ளகக் குறிப்புகளைத் தாருங்கள் என்று ஜனநாயகக் கட்சி கேட்டது, அரசாங்கம் மறுத்தது. இது தடுப்பவருக்கு வாய்ப்பான கோரிக்கை. கொடுத்தால் அதில் எதையாவது பிடிக்கலாம். கொடுக்காவிட்டால் ‘தகவல் இல்லாமல் எப்படி வாக்களிப்பது?’ என்று சொல்லலாம். ஏழு முறை குளோச்சர் வாக்கெடுப்பு நடந்தது. ஒருமுறைகூட ஆதரவு 55ஐத் தாண்டவில்லை. 2003 செப்டெம்பரில் அவரே விலகிக்கொண்டார்.

இப்படிப் பத்துப் பெயர்கள் தடைப்பட்டன. 2005இல் குடியரசுக் கட்சிக்கு 55 இடம் கிடைத்ததும், அதன் தலைவர் பில் ஃபிறிஸ்ட் விதியின் பொருளையே சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றப்போவதாக அறிவித்தார். மே 23ஆம் திகதி இரு பக்கமும் ஏழேழு பேர் சேர்ந்து ஒரு உடன்பாட்டில் கையொப்பமிட்டார்கள். ஜோன் மக்கெய்ன், பென் நெல்சன், றொபேட் பேர்ட் போன்றோர் அதில் இருந்தார்கள். ஏன் ஏழு? கணக்கைப் பாருங்கள். 55இல் ஏழு போனால் 48. துணை ஜனாதிபதியின் வாக்கைச் சேர்த்தாலும் ஃபிறிஸ்டுக்குப் போதாது. மறுபக்கம் 45இல் ஏழு போனால் 38. தடையைத் தாங்கிப்பிடிக்கத் தேவையான 41 இல்லை. இரு தலைவர்களின் கையிலும் இருந்த ஆயுதத்தைப் பதினான்கு பேர் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டார்கள். பிரிசில்லா ஓவன், ஜனிஸ் றொஜர்ஸ் பிரவுண், வில்லியம் பிறையர் மூவருக்கும் வழி விடப்பட்டது. இனி ‘அசாதாரணமான சூழ்நிலையில்’ மட்டுமே தடுப்போம் என்றார்கள். எது அசாதாரணம் என்று வரையறுக்கவில்லை. வரையறுத்திருந்தால் பதினான்கு கையொப்பம் கிடைத்திராது.

*

கேள்வி: செனட்டின் விதியை மாற்றுவதற்கான விவாதத்தை முடிக்க இன்றும் மூன்றில் இரண்டு வேண்டுமாமே. பிறகு 2013இல் நியமனங்களுக்கான 60ஐ 52 பேர் எப்படி மாற்றினார்கள்? இதென்ன விளையாட்டு?
– வாசகர், மானிப்பாய்

பதில்: விதியின் எழுத்தை அவர்கள் தொடவில்லை. 22ஆம் விதியில் ஐந்தில் மூன்று என்று இன்றும் அப்படியே அச்சாகியிருக்கிறது. மாறியது அதை எப்படி வாசிப்பது என்ற முன்னுதாரணம். ‘அணு ஆயுத வழி’ என்று அங்கே சொல்வது இதைத்தான்.

2013 நவம்பர் 21ஆம் திகதி நடந்ததை வரிசையாகச் சொன்னால் விளங்கும். டி.சி. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் 11 இடங்களில் மூன்று வெற்றிடம். ஒபாமா முன்மொழிந்த மூவரையும் குடியரசுக் கட்சி தடுத்திருந்தது. அவர் முன்மொழிந்தவர்களில் 2011இல் கூட்வின் லியூவும் 2013 மார்ச்சில் கெயிற்லின் ஹாலிகனும் ஏற்கெனவே தடைப்பட்டவர்கள். பெரும்பான்மைத் தலைவர் ஹரி ரீட் முதலில் மில்லெற் மீதான தோற்ற குளோச்சர் வாக்கை மீள எடுக்கவைத்தார். மீள்பரிசீலனை கேட்கும் உரிமை தோற்ற பக்கத்தில் வாக்களித்தவருக்கு இல்லை. தோற்கும் என்று தெரிந்தால் பெரும்பான்மைத் தலைவர் கடைசி நொடியில் தன் வாக்கை ‘இல்லை’ என்று மாற்றிவைப்பது இதற்காகத்தான். வாக்குப் பதிவேட்டைப் பார்ப்பவர்கள் இதைக் கண்டு குழம்புவதுண்டு.

அடுத்து ரீட் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார்: உயர் நீதிமன்றம் தவிர்ந்த எல்லா நியமனங்களுக்கும் குளோச்சர் சாதாரணப் பெரும்பான்மையால் ஆகும் என்று. தலைமை தாங்கியவர் விதிப்படி, ‘அப்படி இல்லை’ என்று தீர்ப்புச் சொன்னார். ரீட் அதை எதிர்த்துச் சபையிடம் மேன்முறையிட்டார். ‘தலைவரின் தீர்ப்பு நிற்கட்டுமா?’ என்ற கேள்விக்கு 48 பேர் ஆம், 52 பேர் இல்லை. தீர்ப்பு விழுந்தது. அந்தக் கணத்திலிருந்து புது வாசிப்பே முன்னுதாரணம்.

ஏன் குளோச்சர் வாக்குக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதைச் செய்தார்? சாதாரண வேளையில் மேன்முறையீட்டின் மீதும் விவாதம் உண்டு. அந்த விவாதத்தையே ஃபிலிபஸ்டர் பண்ணிவிடலாம். குளோச்சர் நிலுவையில் இருக்கும்போது மேன்முறையீட்டுக்கு விவாதமில்லை. சூட்சுமம் முழுவதும் இந்த இடத்தில்தான்.

55 பேர் கொண்ட அணியில் மூவர் ரீட்டோடு சேரவில்லை. இந்த வழியில் பிழைக்கக்கூடியதும் அதுதான்: 51ஐ எண்ணி உறுதிப்படுத்தாமல் இறங்கினால், தலைவரின் தீர்ப்பு நிலைத்து, பழைய வாசிப்பு முன்பைவிட இறுகிவிடும்.

2017 ஏப்ரல் 6ஆம் திகதி குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் மிச் மக்கொனல் அதே படிகளை உயர் நீதிமன்றத்துக்கும் பிரயோகித்தார். ட்ரம்ப் முன்மொழிந்த நீல் கோர்சச்சின் குளோச்சர் 55க்கு 45 என்று தோற்றது. அந்த 45இல் ஒரு வாக்கு மக்கொனலுடையது, ஏன் என்று இப்போது தெரியும். மேன்முறையீடு 52க்கு 48. மறுநாள் கோர்சச் 54க்கு 45 என்று உறுதியானார்.

*

கேள்வி: 2016இல் ஒபாமா உயர் நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த மெரிக் கார்லண்டையும் இப்படித்தானே தடுத்தார்கள்?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: இல்லை. அங்கே பெரும்பான்மையே எதிரணி. நிகழ்ச்சி நிரல் அவர்கள் கையில். விசாரணை அமர்வையே வைக்காமல் விட்டார்கள். சிறுபான்மைக்குத்தான் ஃபிலிபஸ்டர் வேண்டும்.

*

கேள்வி: உத்தி என்ற அளவில் மட்டும் சொல்லுங்கள்: யார் தவறாகக் கணக்குப் போட்டார்கள்?
– வாசகர், கரவெட்டி

பதில்: முதலில் இரண்டு எண்களைப் பாருங்கள். 1991இல் கிளறென்ஸ் தோமஸ் 52க்கு 48 என்று தப்பினார். 2006இல் சாமுவெல் அலிட்டோ 58க்கு 42. இரண்டிலும் எதிர்ப்பு 41க்கு மேல். எதிர்த்தவர்கள் குளோச்சரிலும் ஒன்றாக நின்றிருந்தால் இருவரும் இன்று நீதிபதிகள் அல்ல. தோமஸ் விடயத்தில் யாரும் முயலவே இல்லை. அலிட்டோ விடயத்தில் ஜோன் கெரி முயன்றார்; 25 பேரே சேர்ந்தார்கள். ‘எதிர்த்து வாக்களிப்போம், ஆனால் வாக்கெடுப்பை மறிக்கமாட்டோம்’ என்ற எழுதாத வழக்கம் அன்று இருந்தது. ஆயுதம் பலமாக இருந்ததும் அதனால்தான். அரிதாக எடுத்தால் பெரும்பான்மைக்கு அதை உடைக்க 51 பேர் சேரமாட்டார்கள். அடிக்கடி எடுத்தால் சேர்வார்கள்.

எங்கள் கணிப்பில் பிழையான இடம் 2017. கோர்சச் வந்தது ஸ்காலியாவின் இடத்துக்கு. பழமைவாதிக்குப் பதில் பழமைவாதி, நீதிமன்றத்தின் சமநிலை மாறவில்லை. அவர் மீது தனிப்பட்ட குற்றச்சாட்டும் இல்லை. மக்கொனலுக்கு 52 பேரைச் சேர்க்க அதைவிட வசதியான ஆள் கிடைத்திருக்கமாட்டார். 2018இல் நீதிபதி கென்னடியின் இடத்துக்குக் கவனோ வந்தபோதுதான் சமநிலை உண்மையில் புரண்டது. குற்றச்சாட்டுகளின் நடுவே, 50க்கு 48 என்று மயிரிழையில் தப்பினார். அந்த வாரத்தில் விதியையும் உடைக்க 50 பேர் முன்வந்திருப்பார்களா என்பது சந்தேகம். கார்லண்டுக்கு நடந்ததன் பின் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் கொதித்துப் போயிருந்தார்கள், சும்மா விட்டிருக்க முடியாது என்ற மறுவாதமும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆதரவாளரின் கோபத்துக்காகச் செலவழித்ததை உத்தி என்று எண்ண முடியாது.

ரீட்டின் 2013 முடிவு வேறு வகை. அவர் மூன்று நீதிபதிகளை உடனே பெற்றார். பின்னர் அதே வாசலால் மறுபக்கமும் வந்தது: முதல் பதவிக்காலத்தில் ட்ரம்புக்கு 234 நீதிபதிகள், பைடனுக்கு 235. இரு கட்சியும் ஏறக்குறைய சமமாகவே பயன்பெற்றிருக்கின்றன, அது பலருக்குத் தெரிவதில்லை.

*

கேள்வி: இலங்கையில் நீதிபதி நியமனத்தை எதிர்க்கட்சி இவ்வாறு தடுக்கமுடியுமா?
– சட்டத்தரணி, யாழ்ப்பாணம்

பதில்: பாராளுமன்றம் நீதிபதிகள் மீது வாக்களிப்பதில்லை என்பதால் அந்தக் கதவே இல்லை. பிரதம நீதியரசரையும் உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகளையும் ஜனாதிபதி நியமிக்க அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். 17ஆம் திருத்தம் கொண்டுவந்த பேரவையை 18 எடுத்தது, 19 திருப்பித் தந்தது, 20 மீண்டும் எடுத்தது, 2022இல் 21 மீட்டது. பத்துப் பேர் கொண்ட அறையில் நீண்ட பேச்சுக்கு வேலையில்லை. ஏகமனதாக முடிவெடுக்க முயலவேண்டும். முடியாவிட்டால் ஐந்து பேராவது ஆதரிக்கவேண்டும். வராமல் விடுவதும் வாக்களிக்காமல் விடுவதும் இங்கும் எதிர்வாக்கின் வேலையைச் செய்யும் என்பதை மட்டும் ஒப்பிடலாம்.

*

கேள்வி: 60 போய்விட்டதென்றால் சிறுபான்மைக்கு இப்போது என்ன மிச்சம்? இங்கிருந்து ஒரு நியமனத்தைத் தொடர்ந்து கவனிக்க எதைப் பார்க்கவேண்டும்?
– வாசகர், காரைநகர்

பதில்: மிச்சம் நேரம். ஒவ்வொரு பெயருக்கும் குளோச்சர் கேட்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் கூப்பிடும் வாக்கெடுப்பு இரண்டு நடத்தவைக்கலாம். 2019 ஏப்ரலில் மாவட்ட நீதிபதிகளுக்கான குளோச்சருக்குப் பிந்திய நேரம் 30 மணித்தியாலத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் 30 அப்படியே. 2025இல் கீழ்மட்ட நிர்வாகப் பதவிகளை ஒரு கட்டாக நிறைவேற்ற வழி செய்தபோதும் நீதிபதிகளைச் சேர்க்கவில்லை.

மற்றது நீலத்தாள்: நியமனம் நடக்கும் மாநிலத்தின் செனட்டர்களிடம் கருத்துக் கேட்டு அனுப்பும் நீலநிறப் படிவம். அந்த மாநிலத்தின் இரு செனட்டர்களும் அதைத் திருப்பி அனுப்பாவிட்டால் நீதித்துறைக் குழு பெயரை நகர்த்தாது. இது விதியல்ல, குழுத் தலைவரின் வழக்கம். ட்ரம்பின் முதல் பதவிக்காலத்தில் மேன்முறையீட்டு நீதிபதிகளுக்கு அது கைவிடப்பட்டது. மாவட்ட நீதிபதிகளுக்கு இன்னும் நடக்கிறது. ஆகவே மாவட்டப் பெயர் என்றால் எந்த மாநிலம், அதன் செனட்டர்கள் எந்தக் கட்சி என்று முதலில் பாருங்கள். மேன்முறையீட்டுப் பெயர் என்றால் நேரே குழுவின் வாக்கையும், குளோச்சர் கொடுத்த நாளையும் பாருங்கள். கொடுத்த நாளுக்கு அடுத்த அமர்வு நாளை விட்டு மறுநாள் வாக்கு. செனட்டின் இணையத்தளத்தில் ஒவ்வொரு வாக்கும் பெயர் பெயராகப் பதிவாகும். வொஷிங்டனில் மதியம் 12 மணி என்றால் கோடையில் எங்களுக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30.